வெள்ளி, சனி வேண்டாம் செல்வி

அன்புள்ள செல்வி,

உன் மெசேஜ் பார்த்ததும் அப்படியொரு சந்தோஷம். காலேஜ் கடைசி வருஷத்தில் பேசிய கொச்சிப் பயணம், கல்யாணம், பிள்ளைகள், மாமியார் வைத்தியம் என்று தள்ளித் தள்ளிப் போய், இப்போதுதான் கைகூடி வருகிறது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுவே எனக்குப் பாதி பயணம் முடிந்த மாதிரி. மதி வேலையில் சேர்ந்துவிட்டாள், ஓசூரில். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி காலை போய் சனி இரவு திரும்பலாம் என்கிறாய். அது மட்டும் வேண்டாம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, யூதர்களின் பரதேசி ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது. பத்து வருஷம் முன்னால் ஆபீஸ் வேலையாக எர்ணாகுளம் போனபோது, கிடைத்த அரை நாளில் ஓட்டமும் நடையுமாக அந்தத் தெருக்கோடி வரை போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, மணிக்கூண்டை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று சனிக்கிழமை. 1568-இல் கட்டிய கட்டிடம் அது. உள்ளே தரையெல்லாம் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப் போல் ஒன்று இருக்காதாம். அந்தத் தெருவில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன, இப்போது விரல் விட்டு எண்ணக்கூட ஆளில்லை. அதனால்தான் இந்தத் தடவை அதைத் தவறவிட எனக்கு மனசில்லை. வெள்ளிக்குப் போடும் லீவைத் திங்களுக்கு மாற்றிக்கொள். ஞாயிறு காலை முதல் ஃப்ளைட்டில் போய், திங்கள் இரவு திரும்பிவிடலாம்.

ரயிலே போதுமே என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். ராத்திரி முழுக்க ரயிலில் காலை மடக்கி உட்கார்ந்தால் உன் முட்டி என்ன ஆகும் என்று அவரிடமே கேள். ஃப்ளைட்டில் சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான். ஜன்னல் சீட்டை உனக்கே தருகிறேன், மேகம் இல்லாமல் இருந்தால் கடைசி இருபது நிமிஷம் கண்ணை எடுக்காதே: வறண்ட சமவெளி முடிந்து மலை வரும், மலை தாண்டியதும் திடீரென்று எல்லாம் தென்னையும் தண்ணீருமாக மாறிவிடும்.

இறங்குவது நெடும்பாசேரியில், அங்கிருந்து ஃபோர்ட் கொச்சி நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. டாக்ஸி பிடித்தால் வந்த ஃப்ளைட் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும். எனக்கு வேறு ஆசை. பஸ்ஸில் ஆலுவா, அங்கிருந்து மெட்ரோவில் எர்ணாகுளம், அப்புறம் ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ படகு. சுற்றுவழிதான், ஆனால் அந்த ஊருக்குத் தண்ணீர் வழியாகப் போய் இறங்குவதுதான் முறை. 1341-இல் பெரியாறு வெள்ளத்தில் முசிறித் துறைமுகம் மண் மூடிப்போய், கடல் இங்கே வழி திறந்துகொண்டதால் உண்டான துறைமுகம் என்பார்கள். பொன்னோடு வந்து மிளகோடு போன யவனர் கப்பல் என்று நம் தமிழ் அம்மா வகுப்பில் சொல்வாரே, அந்த முசிறியேதான். திரும்பும்போது பெட்டியோடு அல்லாட வேண்டாம், நேராக டாக்ஸி.

ஞாயிறு சாயங்காலம் சீன வலைக்குப் பக்கத்தில் சும்மா உட்காரலாம். ஒரு வலையைத் தூக்க நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், மறுமுனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கருங்கற்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், வலை சொட்டச் சொட்ட மேலே எழும்பும். சில சமயம் உள்ளே கையளவு மீன்கூட இருக்காது, உடனே மறுபடி இறக்குவார்கள். அன்றைக்கு நான் முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கள் காலை புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள், பதினான்கு வருஷம் கழித்துத்தான் எலும்புகளை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். வெறும் கல்லறையைப் பார்த்ததோடு வெளியே வந்துவிடாதே, தலைக்கு மேலே தொங்கும் துணி விசிறிகளையும் பார். வெளியே உட்கார்ந்து யாரோ கயிறு இழுக்க, உள்ளே வழிபாடு நடந்திருக்கிறது. அந்தக் கயிறு இழுத்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்தேன். அப்புறம் மட்டாஞ்சேரி, அரண்மனையில் ராமாயணச் சுவரோவியம், அதை ஒட்டியே ஜெபாலயம். மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். டிக்கெட்டில் உன் பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியலா, அப்பா பெயர் முழுசாகவா என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு, நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிறேன். கைப்பை ஏழு கிலோவுக்குள் இருக்கட்டும், இரண்டு நாளுக்கு அதுவே அதிகம். பவர் பேங்க் கைப்பையில்தான், முட்டிக்குப் போடும் பெல்ட்டும் அதிலேயே. காட்பாடியிலிருந்து சனி சாயங்காலமே வந்து என் வீட்டில் தங்கு, விடியற்காலையில் சேர்ந்தே கிளம்பலாம்.

இன்று ராத்திரி பள்ளிக்கூட லீவைக் கேட்டுவிட்டு போன் பண்ணு. பத்து மணி ஆனாலும் விழித்திருப்பேன்.

உன்
வசந்தா