இரவில் மட்டும் வரும் உறுமல்: ப்ரீஆம்ப் பவர் சப்ளை பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் வால்வு ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு முன்னே நின்று சின்ன ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கருவி) கிட் வாங்கியவர்களில் மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னார்கள். பகலில் பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் உறுமல். வால்வை மாற்றினார்கள், எர்த் வயரை மாற்றினார்கள், போகவில்லை. அவர்கள் பற்றவைத்ததில் எந்தத் தவறும் இல்லை. நாங்கள் கொடுத்த டிரான்ஸ்பார்மர்தான் காரணம்.

கிட்டில் இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். ஒவ்வொன்றின் ஹீட்டருக்கும் (வால்வைச் சூடாக்கும் உள்கம்பிக்கும்) 12.6 வோல்ட், 150 மில்லி ஆம்பியர் வேண்டும். அதை டிசியாக்கி, வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்திருந்தோம். டிரான்ஸ்பார்மரில் 12 வோல்ட் வைண்டிங். ஏசி அலையில் அதன் உச்சம் 17 வோல்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடுகளில் 1.4 போய், 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் மிஞ்சும் ஏற்ற இறக்கமான அலைவில் 0.6 போய், கையில் நிற்பது 15. ரெகுலேட்டருக்கு வெளியே கொடுப்பதைவிட 2 வோல்ட் அளவுக்கு உள்ளே கூடுதலாக வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, சுவரில் 230 வோல்ட் இருக்கும்வரை.

தெருவெல்லாம் ஏர்கண்டிஷனர் ஓடும் நேரத்தில் ஒருவர் வீட்டு மல்டிமீட்டர் 200 காட்டியது. நாங்களும் ஒரு கிட்டை வேரியாக்கில் (வோல்ட்டேஜை விருப்பப்படி ஏற்றி இறக்கும் டிரான்ஸ்பார்மர்) போட்டு மெதுவாக இறக்கிப் பார்த்தோம். 220க்குக் கீழே போனதும், மின் அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் ஹீட்டர் கோடு பல் பல்லாகத் தெரிந்தது. 200இல் ரெகுலேட்டருக்குள் வருவதே 12.7தான். நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் அலைவு அப்படியே ஹீட்டருக்குப் போகிறது. அந்த உறுமல் இதுதான். விற்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும், மன்னியுங்கள்.

இனி வரும் டிரான்ஸ்பார்மரில் ஹீட்டருக்கு 15 வோல்ட், 1 ஆம்பியர் வைண்டிங். சுவரில் 200 இருந்தாலும் ரெகுலேட்டருக்கு 16க்கு மேல் கிடைக்கும். ஆனால் 230 வரும்போது மிச்ச வோல்ட்டேஜ் 2 வாட் சூடாக மாறும். அதனால் கூடவே ஒரு ஹீட்சிங்க் அனுப்புகிறோம். சேசிஸிலேயே (உலோகப் பெட்டியிலேயே) பொருத்த நினைப்பவர்கள் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடும் புஷ்ஷும் வைத்து முறுக்குங்கள். எல்எம்317இன் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது, தொட்டால் ஷார்ட்.

எச்.டி. (வால்வுகளுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும்) பக்கம் மாற்றம் இல்லை. அங்கே 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், மறுபடி 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர். வால்வுகள் இழுப்பதே 4 மில்லி ஆம்பியர் என்பதால் ரெசிஸ்டரில் 40 வோல்ட்தான் போகும். அலைவோ ஏறக்குறைய 300இல் ஒரு பங்காகக் குறையும். கண்டென்சர் மாற்ற நேர்ந்தால் 450 வோல்ட் தாங்குவதையே வாங்குங்கள். வால்வு சூடாகும் முன் அங்கே 325 வோல்ட் நிற்கும், சுவரில் 250 வந்தால் 350ஐத் தாண்டும்.

டிரான்ஸ்பார்மரைக் கழற்றும் முன் பிளக்கை உருவிவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை வடிக்க 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. ஆனால் அதன் கால் விட்டுப்போயிருந்தால் 300 வோல்ட் உள்ளேயே நிற்கும், உயிரை எடுக்கும். மல்டிமீட்டரில் இரண்டு கண்டென்சரையும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். தயவுசெய்து இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

பழைய டிரான்ஸ்பார்மரைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், அல்லது கூரியரில் அனுப்புங்கள். புதியது இலவசம், இருவழிக் கூரியர் செலவும் எங்களுடையது. ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இல்லை, அவர்களும் வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். சேசிஸில் துளை இடமெல்லாம் பழையதேதான், புதிதாகத் துளைக்க வேண்டாம்.