சக்கை எருமைக்கு, சாறு எனக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழத்தோலும் சக்கையும் கல்லீரலைக் காக்கும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். மும்பையில் சயான் பக்கம் 23 வருடமாக ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்தத் தோலும் சக்கையும் தினமும் என் கையால்தான் குப்பைக்குப் போகின்றன. போதாக்குறைக்கு, போன வருடம் சோனோகிராஃபி எடுத்ததில் எனக்கே ஃபேட்டி லிவர், கிரேடு 2 என்று வந்தது.

நான் சரக்கு தொடாதவன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். டாக்டர்தான் மானத்தைக் காப்பாற்றினார். கல்லீரலின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலே ஃபேட்டி லிவர்தான், குடிக்காதவர்களுக்கும் தாராளமாக வரும் என்று மனைவியிடமே சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் ஜூஸ் குடிப்பீங்க?" என்றார்.

கடைக்காரன் கணக்கு வைத்தா குடிப்பான்? மெஷினில் மிச்சம் நிற்பது, வாடிக்கையாளர் வேண்டாம் என்று மாற்றியது, பழம் புளிக்கிறதா என்று பார்க்க ஒரு வாய். கூட்டிப் பார்த்தால் நாலு கிளாஸ் வந்தது. பாதியில் சர்க்கரை வேறு.

பழம்தானே என்று நானும் வாதாடினேன். முழுச் சாத்துக்குடியை உரித்துத் தின்பவர் ஒன்று தின்பார், மிஞ்சினால் இரண்டு. ஒரு கிளாஸ் ஜூஸுக்கு நாங்கள் நாலைந்து பிழிகிறோம். அது இரண்டு நிமிடத்தில் தொண்டையில் இறங்கிவிடும். பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை அப்படி மொத்தமாக வந்து இறங்கினால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்கிறதாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் குறைக்க வேண்டிய கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. என் தொழிலுக்கு அடிமடியில் கை வைக்கும் விஷயம், ஆனாலும் உண்மை.

சரி, குப்பைக் கூடைக்கு வருகிறேன். வாஷி மார்க்கெட்டிலிருந்து வரும் சாத்துக்குடியில் 10 கிலோ பிழிந்தால் ஏறக்குறைய பாதி எடை தோலும் சக்கையுமாகத்தான் நிற்கும். பழத்தைச் சீவும்போது வெள்ளை ஒட்டாமல் சீவு என்று பையன்களைத் திட்டுவேன். வெள்ளையும் கொட்டையும் சேர்ந்து அரைபட்டால் கொஞ்ச நேரத்தில் ஜூஸ் கசந்துவிடும். பார்சல் வாங்கிப் போனவர் திரும்பி வந்து சண்டை போடுவார். அந்த வெள்ளையில்தான் பெக்டின் என்ற நார்ச்சத்து இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். வயிற்றில் அது கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பித்தநீரைக் கொஞ்சம் பிடித்து வைத்து வெளியே தள்ளுகிறது. புதுப் பித்தநீர் செய்யக் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவழிக்க வேண்டியதாகிறது. மிச்சத்தைப் பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் புளிக்கவைத்து நல்ல அமிலங்களாக்கித் தருகின்றன. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடமே கல்லீரல். அதனால் குடலில் நடக்கும் நல்லது கெட்டது இரண்டும் அதற்குத்தான் முதலில் தெரியும்.

எங்கள் சக்கையை ஒரு தொழுவக்காரர் எருமைக்கு எடுத்துப் போகிறார். "சத்தை எருமைக்குப் போட்டுட்டு, சர்க்கரைத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு தூரம் கட்டுரையோடு எனக்குச் சண்டையில்லை. தலைப்போடுதான் சண்டை. 'கல்லீரலைக் காக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். உள்ளே, எட்டாவது பத்தியில், சோதித்தது எலிகளில் என்று ஒரு வரி. கொழுப்பான தீனி கொடுத்து எலிக்குக் கல்லீரலைக் கெடுத்து, கூடவே ஆப்பிள் சக்கையோ மாதுளைத் தோல் பொடியோ கொடுத்துப் பார்க்கிறார்கள். கொழுப்பு குறைகிறது, கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. இறங்குகிறது. நல்ல சேதிதான். ஆனால் எலி தின்ற அளவை நம் உடம்புக்குக் கணக்குப் போட்டால் தட்டு தாங்குமா? மனிதர்களை வைத்துச் செய்த சோதனைகள் கொஞ்சம்தான். 'எலி' என்ற இரண்டெழுத்துக்குத் தலைப்பில் இடமா இல்லை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அதே பக்கத்தின் அடியில் ஒரு கேப்சூல் விளம்பரம். பழச் சாரம், கல்லீரல் சுத்தம், 60 மாத்திரை. என் மச்சான் இரண்டு வருடம் முன்பு எடை குறைய என்று குடம்புளி கேப்சூல் ஆன்லைனில் வாங்கிச் சாப்பிட்டார். ஆறாவது வாரம் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று அங்கேதான் சொன்னார்கள். குடம்புளியும் பழத்தோல்தானே! மலையாளிகள் தலைமுறை தலைமுறையாக மீன் குழம்பில் போடுகிறார்கள். இங்கே கொங்கணிக்காரர்கள் கோக்கம் என்ற புளிப்புப் பழத்தின் தோலில் சோல்கடி செய்து சோற்றுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள். குழம்பில் கிடக்கும் நாலு சுளையும், சாரத்தை வடித்துச் சுண்டவைத்துக் குப்பியில் அடைத்ததும் ஒன்றாகிவிடுமா?

நம் வீடுகளில் தோலை வீணாக்கும் பழக்கம் இருந்ததே இல்லை. மாட்டுங்காவில் தெரிந்த ஒரு மாமி கிச்சிலித் தோலில் புளி, வெல்லம் போட்டுப் பச்சடி செய்வார். என் மனைவி இப்போது அவரிடம் கேட்டு ஆரஞ்சுத் தோலில் செய்கிறாள். வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். தர்பூசணியின் வெள்ளையில் பாசிப்பருப்புக் கூட்டு. வாழைக்காய்த் தோல் துவையல், அது எங்கள் ஏரல் பக்கத்தில் அம்மா காலத்திலிருந்தே உண்டு. ஊறுகாயை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், உப்பு ஜாஸ்தி.

இன்னொன்று, மார்க்கெட்டை உள்ளிருந்து பார்ப்பவனாகச் சொல்கிறேன். பழத்தில் அடித்த மருந்து, பளபளப்புக்குப் பூசிய மெழுகு எல்லாம் தோலில்தான் உட்கார்ந்திருக்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. தடை செய்ததெல்லாம் நின்றுவிட்டது என்று நம்ப நான் தயாரில்லை. மாம்பழத் தோலை நான் தின்பதில்லை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவாமல் எந்தத் தோலும் எங்கள் வீட்டுச் சட்டிக்குள் போகாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸைத் தொடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது.

என் கதை எப்படி முடிந்தது என்றால், எட்டு மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. 92-இலிருந்து 48-க்கு இறங்கியது. பச்சடியால்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இதே எட்டு மாதத்தில் ஜூஸை விட்டேன், ஆறு டீயை இரண்டாக்கினேன், தினமும் காலையில் சயான் கோட்டை மேல் ஏறி இறங்கினேன். 84 கிலோ 78 ஆனது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் தேறும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இதில் தோலுக்கு எத்தனை மார்க், கோட்டைப் படிக்கு எத்தனை மார்க் என்று யார் பிரித்துச் சொல்வது?

கடையில் இப்போது வடிகட்டாத ஜூஸ், சர்க்கரை இல்லாமல், என்று ஒரு போர்டு வைத்திருக்கிறேன். பத்துப் பேரில் ஒருவர் கேட்கிறார். மற்ற ஒன்பது பேருக்கும் ஆரஞ்சும் சாத்துக்குடியும் கலந்த கங்கா ஜமுனாதான், இனிப்புத் தூக்கலாக. இரண்டு பெண்கள் மட்டும் காலை 11 மணிக்கு முன்னால் டப்பாவோடு வந்து கழுவிய தோல் வாங்கிப் போகிறார்கள். எருமைக்காரர் என்னை முறைக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு ஜூஸ் கடைக்காரர்
சயான், மும்பை
(வியாபாரம் நடக்க வேண்டும், பெயர் போட வேண்டாம்.)