புளி தட்டும் விரலுக்கு ரேகை ஏது?

மதிப்பிற்குரிய தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மா முப்பது வருடமாகப் புளி தட்டுகிறவர். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. அந்தப் புளிப்பிலேயே ஊறி விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. போன மாதம் ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தார், கைரேகைக் கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஆட்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் இடது கை என்று பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. "நாளைக்கு வாங்கம்மா" என்றார் கடைக்காரர். காலிப் பையோடு திரும்பினார். அன்றைய கூலியும் போச்சு.

என் தங்கை ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, செல்போன் பாகங்கள் செய்கிறாள். பன்னிரண்டாவது முடித்த பெண், சில வாரப் பயிற்சியிலேயே வேலையைப் பிடித்துக்கொண்டாள். அதனால், எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசு எதுவும் ஏறாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கருவி மக்கர் பண்ணினால் அடுத்து என்ன செய்வது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. குறை அங்கேதான்.

ஆதார் சரிபார்ப்பு ஆகவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைக்கும் செல்போன் ஆப்பில் போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவு என்றார்கள். வெயிலில் மண் வெட்டியவருக்கு, போட்டோ ஏறவில்லை என்று கூலி நின்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை 2023-ல் நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும்தான் முதலில் செய்து பார்த்தார்கள். புதுக் கருவிகளையும் அப்படிக் கொண்டுவாருங்கள். நம் மலை ஊர்களான சித்தேரியிலும் வத்தல்மலையிலும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, தேய்ந்த கைகளுக்கு அது ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொண்டு, பிறகு எல்லா ஊருக்கும் அனுப்புங்கள்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். "ரேகை விழாவிட்டாலும் பொருள் உண்டு, நோட்டில் கையெழுத்துப் போடலாம்" என்று ஒவ்வொரு கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் கடைக்குப் போவார்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு மகன்