குழாய் காஸ் வரட்டும், டெலிவரி அண்ணாச்சிமாருக்கும் ஒரு பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு காஸ் ஏஜென்சியில் பதினோரு வருடமாக புக்கிங் மேசையில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் 'சிலிண்டர் எப்ப வரும்?' என்று கேட்டவர்கள் இப்போது, 'குழாய் காஸ் வரப்போகுதாமே, இந்தச் சிலிண்டரை என்ன செய்ய?' என்று கேட்கிறார்கள். போன வாரம் ஓர் ஆச்சி பழைய டெபாசிட் ரசீதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, 'இது செல்லுமாம்மா?' என்றார். இணைப்பை ஒப்படைத்தால் ரசீதில் உள்ள டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். 'எங்க தெருவுக்கு எப்ப வரும்?' என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

ராமநாதபுரம் – தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாயை 2021 பிப்ரவரியிலேயே தொடங்கி வைத்தார்கள். பக்கத்து மாவட்டம் வரை வந்ததால்தான் இவ்வளவு பேச்சு. குழாய் காஸ் நல்லதுதான். அடுப்பில் உலை கொதிக்கும்போது தீர்ந்துபோகாது. கசிந்தாலும் காற்றைவிட லேசு என்பதால் மேலே போய்விடும். சிலிண்டர் காஸ் தரையோடு தங்கும்.

என் கவலை டெலிவரி அண்ணாச்சிமாரைப் பற்றியது. வீட்டுச் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்து, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார்கள். மூடியைக் கழற்றி, வால்வில் துளித் தண்ணீர் விட்டு, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். கண் மங்கிய ஆச்சிமாருக்கு ரெகுலேட்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். எங்கள் ஏஜென்சியில் இவர்களுக்கு நடைக்குத்தான் கூலி. ஒரு வீடு குழாய்க்கு மாறினால் ஒரு நடை போச்சு. 'தங்கச்சி, இன்னும் எத்தன வருசம் இந்தப் பொழப்பு ஓடும்?' என்று எங்கள் மூத்தவர் கேட்டபோது நான் கணினியைப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் அடுத்தடுத்த வீடுகளில் இறக்குவதால்தான் லோடு ஆட்டோவுக்கு டீசல் கட்டுப்படியாகிறது. அந்த நடைகள் குறைந்தால் மானூர் பக்கத்துக் கிராமங்களுக்கு யார் வண்டி அனுப்புவார்கள்?

குழாய் காஸுக்கும் மீட்டர் பார்க்க, கசிவு சோதிக்க, இணைப்பு கொடுக்க ஆள் வேண்டும். தெருவும் வீடும் தெரிந்தவர்கள், காஸ் வாடை மூக்கில் பழகியவர்கள் இவர்கள். ஐடிஐ சான்றிதழ் கேட்டு ஒதுக்காமல், அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, முறையாகப் பயிற்சி கொடுத்து, இவர்களை முதலில் எடுக்க வேண்டும். ரோட்டைத் தோண்டும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

எந்த வார்டில் எப்போது, சிலிண்டர் எதுவரை தொடரும், இவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை மாவட்ட நிர்வாகமும் எண்ணெய் நிறுவனங்களும் தேதி போட்டுச் சொல்லட்டும். உங்கள் நிருபர் கேட்டு வெளியிட்டால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எங்கள் மேசைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை