ஜெர்மனியில் இருக்கும் மகனுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கதிருக்கு,

நேற்று போனில், புதுப் படத்தைக் காசு கொடுக்காமல் இணையத்திலிருந்து டோரன்டில் இறக்கிப் பார்த்துவிட்டேன் என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. இரவு முழுக்கத் தூக்கமே வரவில்லை.

போன ஆடியில் நம் ஜெராக்ஸ் கடையில் நடந்ததை, உனக்குப் பரீட்சை நேரம் என்று மறைத்துவிட்டேன். கடைப் பையன் ஒரு படம் இறக்கினான். பெயரும் படத்தின் பெயர்தான், சின்னமும் வீடியோவின் சின்னம்தான். அது படம் அல்ல, கணினி நிரல் என்று காட்டும் '.இஎக்ஸ்இ' பெயரின் கடைசியில் இருந்தது, அது மட்டும் கண்ணில் படவில்லை. விண்டோஸ் அதை வழக்கமாகவே மறைத்துவிடும். திறந்தான், படம் ஓடவில்லை. மாலைக்குள் கணினியில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நான்கு புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஒரு குறிப்பு. வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை மறுபடி வாங்கி ஸ்கேன் செய்து சமாளித்தேன். காசிமேட்டு வீட்டு வாசலில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா நிற்பாளே, அந்தப் புகைப்படம் போய்விட்டது. வேறு பிரதி இல்லை.

அங்கே உனக்கு வேறு ஆபத்தும் இருக்கிறது. டோரன்டில் நீ எடுப்பவன் மட்டும் அல்ல, கொடுப்பவனும்தான். படத்தின் ஒரு துண்டு வந்து சேர்ந்ததுமே அது உன் கணினியிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்குப் போகத் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் உன் ஐ.பி. முகவரி, அதாவது உன் இணைய இணைப்பின் அடையாள எண், தெரியும். பட உரிமையாளர்களுக்காக வேவு பார்ப்பவர்களும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். ஜெர்மனியில் நீதிமன்றம் மூலம் இணைப்பு யார் பெயரில் என்று கேட்டு வாங்கி, வக்கீல் கடிதம் அனுப்புகிறார்கள். 'அப்மானுங்' என்று பெயர். பல நூறு யூரோ கேட்பார்கள். உன் அறையில் இணைப்பு அந்தக் கேரளத்துப் பையன் பெயரில் அல்லவா இருக்கிறது? கடிதம் அவனுக்குத்தான் போகும். படிக்கப் போன இடத்தில் கூட இருப்பவனை மாட்டிவிடலாமா?

நாம் காசு கொடுத்துப் படம் பார்த்த குடும்பம், கண்ணு. 2020இல் மூடிய அகஸ்தியா தியேட்டரில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டிக்கெட் வரிசையில் நின்றிருக்கிறேன்.

அந்த டோரன்ட் மென்பொருளை இன்றைக்கே நீக்கிவிடு. அந்தப் பையனிடம் நடந்ததை நீயே சொல்லிவிடு. கடிதம் வந்தால் பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கெடுவைத் தாண்டவும் விடாதீர்கள். உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். படம் பார்க்கச் சந்தா கட்டக் காசு வேண்டுமென்றால் கேள், அனுப்புகிறேன்.

உன் பழைய போனில் ஆயா படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பார்.

அன்புடன்,
அப்பா