"தோத்துட்டு அழுறதை எதுக்கு சார் காட்டுறீங்க?"

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வகுப்பில் தன்னம்பிக்கை வீடியோ காட்டலாமா, கூடாதா என்று உங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படித்தேன். குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவன் நான். தாராளமாகக் காட்டலாம். ஆனால் மூன்று நிமிடம் காட்டிவிட்டுப் பத்து நிமிடமாவது பிள்ளைகளைப் பேச விட வேண்டும். வீடியோவை ஓடவிட்டு வராந்தாவில் நின்று போன் பார்ப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நானும் முதலில் வாட்ஸ்அப்பில் வருவதைத்தான் போட்டேன். பியானோ இசை, மழையில் ஓடும் வெளிநாட்டுப் பையன், கீழே ஆங்கில வரிகள், கடைசியில் வெற்றி. பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஒரு தடவை நெட் சுற்றிக்கொண்டே நின்று, நடுவில் ரம்மி விளம்பரம் வேறு வந்து தொலைத்தது. அன்றிலிருந்து எதுவானாலும் வீட்டிலேயே இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோகிறேன்.

அப்புறம் ஒருநாள் 2019 செப்டம்பர் 7 காலைக் காட்சியைப் போட்டேன். சந்திரயான்-2 லேண்டர் (தரையிறங்கும் கலம்) நிலவில் இறங்கும் கடைசி நிமிடங்களில் தொடர்பு அறுந்து, விடிந்ததும் இஸ்ரோ தலைவர் கே.சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுதாரே, அது. "தோத்துட்டு அழுறதை எதுக்கு சார் காட்டுறீங்க?" என்றான் முன் பெஞ்சுக்காரன். "இவரு எந்த ஊருன்னு தெரியுமா மக்களே?" என்று திருப்பிக் கேட்டேன். தெரியவில்லை. நாகர்கோவில் பக்கம் மேல சரக்கல்விளை, விவசாயி மகன், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் என்றதும் ஒரே சலசலப்பு. "எங்க சித்தி வீட்டுக்கு அந்த வழியாத்தான் போவோம்" என்றாள் ஒருத்தி. பேச்சு மணி அடிக்கும்வரை ஓடியது. இறங்கும்போது வேகத்தை எப்படிக் குறைப்பது, பாராசூட் கட்டினால் என்ன, நிலவில்தான் காற்றே இல்லையே என்று அவர்களே பாடத்துக்குள் வந்துவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய காட்சியை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொண்டேன். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி.நாராயணனும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர்தான் என்று சொன்னபோது, "லே, அடுத்தது நம்ம ஊருதாம்லே" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

கல்வித் தொலைக்காட்சியிலும் மணற்கேணி செயலியிலும் பாட வீடியோக்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. அவற்றோடு அந்தந்த மாவட்டத்து மனிதர்களைப் பற்றியும் மூன்று நிமிடப் படங்கள் சேர்த்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். விஞ்ஞானிகளாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. முட்டத்தில் வள்ளம் இறக்குகிறவர், பனையேறி அக்கானி (பதநீர்) இறக்குகிறவர், யாரானாலும் சரி. சறுக்கிய இடத்தையும் காட்ட வேண்டும். பியானோ மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

இதையும் எழுதிவிடுகிறேன். முதல் பீரியடில் தூங்கி வழியும் பையன் ஒருவன் என் வகுப்பில் உண்டு. சிவன் சிறுவயதில் அப்பாவுக்கு விவசாயத்தில் கூடமாட உதவியவர் என்று சொன்ன அன்று, அதுவரை வாய் திறக்காதவன் எழுந்தான். அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு கிளம்பும்போது இவனும் கூடப் போவானாம். மரத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, சிரட்டையைத் துடைத்து வைப்பது இவன் வேலை. "மழை பெஞ்சா வெட்டு கிடையாது சார், கூலியும் கிடையாது. அன்னைக்கு மட்டும் நல்லா உறங்குவேன்" என்றான். ஒரு வருஷமாக அவனைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டது நான்தான்.

இப்போதெல்லாம் அவனிடம் முதல் பீரியடில் கேள்வி கேட்பதில்லை. மூன்றாவது பீரியடில் கேட்கிறேன், பதில் சொல்கிறான்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.