உப்புத்தாளைக் கீழே வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று இரவு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறில் ஒன்று அளவில் டி-34-85, இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கியின் மாடல். பீரங்கி நுனியிலிருந்து வால் வரைக்கும் 1.36 மீட்டர், அகலம் அரை மீட்டர். மேசை கொள்ளாமல் நிற்கிறது. நீ லேத்தில் கடைந்த பீரங்கிக் குழாயைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. “பெயின்ட் அடிச்சிடலாமாண்ணா?” என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு அடிக்காதே. ஏன் என்பது இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பெரிய அளவில் டாங்கி செய்கிற பலரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உன் டாங்கி ரொம்ப வழுவழுப்பாக இருக்கிறது.

டரட்டைத்தான், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூண்டைத்தான், முதலில் சொல்கிறேன். நாலு நம்பர் உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்திருப்பாய் என்று நினைக்கிறேன், விளக்கு வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உழைப்பு தெரிகிறது. ஆனால் அது மண் அச்சில் உருக்கை ஊற்றி எடுத்த பொருள். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் முதல் டி-34 பதினாறில் ஒன்று அளவு. மூன்று வாரம் தேய்த்தேன். வார்ப்படத் தொழிலில் முப்பது வருஷம் இருந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் எடுத்து, கட்டைவிரலால் டரட்டை ஒரு சுற்று தடவிப் பார்த்துவிட்டு, “மண் அச்சுல ஊத்துனதுன்னு சொன்னியேப்பா, மண்ணையே காணோமே?” என்றார். குறை சொல்லும் குரலே இல்லை, உண்மையாகவே தேடினார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அளவெல்லாம் சரியாக வைத்திருந்தேன். அந்தப் பொருள் எப்படி உண்டானது என்பதைத்தான் தொலைத்திருந்தேன்.

முப்பத்தைந்தில் ஒன்று அளவில் இது பெரிய விஷயம் இல்லை, கண்ணுக்கு எட்டாது. ஆறில் ஒன்றில் எட்டும். நிஜத்தில் 3 மி.மீ. மேடு பள்ளம் உன் டரட்டில் அரை மி.மீ. விரல் நுனிக்கே தெரிந்துவிடும். அதனால் இந்த அளவில் செய்கிறவனுக்கு வரைபடம் மட்டும் போதாது. ஒவ்வொரு தகடும் எந்தக் கையால், எந்தக் கருவியால், எவ்வளவு அவசரத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டி-34 விஷயத்தில் அந்த அவசரம்தான் முழுக் கதையும். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியதும் உக்ரைனின் கார்க்கிவ் நகரில் டி-34 செய்துவந்த 183ஆம் எண் தொழிற்சாலையை இயந்திரங்களோடு ரயிலேற்றி, யூரல் மலைப் பக்கம் நிஸ்னி தாகிலுக்குக் கொண்டுபோனார்கள். கீவ் நகரிலிருந்து யெவ்கெனி பாட்டன் தன் வெல்டிங் ஆய்வுக்கூடத்தோடு அங்கேதான் போய்ச் சேர்ந்தார். அவர் அடிப்படையில் பாலம் கட்டும் பொறியாளர். பொடிக்கு அடியில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எரிந்தபடி தானாகவே நகர்ந்து போகும் வெல்டிங் முறையை அவர் குழு டாங்கிக் கவசத்துக்குக் கொண்டுவந்தது. தேர்ந்த வெல்டர்கள் போதாத நேரம். இந்த இயந்திரம் வந்ததால் பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் கொஞ்ச நாள் பயிற்சியில் நீளத் தையல்களைப் போட முடிந்தது.

இதில் உனக்கு என்ன வேலை என்றால், உன் டாங்கியில் இரண்டு வகை வெல்டு இருந்தாக வேண்டும். பக்கவாட்டுத் தகடுகள் சேரும் நீளமான தையல், இயந்திரம் போட்டது; பட்டையாக, சீராக, கிட்டத்தட்ட அலையே இல்லாமல் ஓடும். கைப்பிடிக் கம்பி, கொக்கி, மூலைமுடுக்கு எல்லாம் கையால் போட்டது. தடித்து, பிறை பிறையாக, சில இடத்தில் வழிந்து, தொடங்கிய இடமும் நிறுத்திய இடமும் தெரியும். உன் படத்தில் எல்லாத் தையலும் ஒரே அச்சு. அழகாக இருக்கிறது, ஆனால் ஒரே ஆள் ஒரே மனநிலையில் உட்கார்ந்து போட்ட மாதிரி இருக்கிறது.

உனக்கு இந்த வழுவழுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. சக்கரம் காட்டிக் கொடுத்துவிட்டது. அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு டி-34-85ஐப் பார்த்துத்தான் நீ செய்திருக்கிறாய், இல்லையா? இன்றைக்கு மிஞ்சி நிற்கும் டி-34-85களில் நிறைய போருக்குப் பிற்பட்டவை. 1950களில் போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் உரிமம் வாங்கிச் செய்தார்கள். அவசரம் இல்லாத காலம், அதனால் வார்ப்பும் வெல்டும் சுத்தமாக இருக்கும். சோவியத்திலேயே 1960களில் பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்தபோது, நட்சத்திரமீன் போலக் கை விரிந்த புதுச் சக்கரங்களை மாட்டினார்கள். நீ போட்டிருப்பது அந்தச் சக்கரம். ஆனால் டரட்டைச் சுற்றி 1945 பெர்லின் சண்டைக்கு அடித்த வெள்ளைப் பட்டையை மாஸ்கிங் டேப்பால் குறித்து வைத்திருக்கிறாய். அந்தப் பட்டையும் அந்தச் சக்கரமும் 1945இல் ஒரே வண்டியில் இருந்திருக்கவே முடியாது.

பக்கத்துக்கு ஐந்து, ஒவ்வொன்றும் இரட்டை, மொத்தம் இருபது தட்டு. எல்லாவற்றையும் மறுபடி செய் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. சொல்லாமல் விட்டால் அதைவிடப் பெரிய தப்பு. ஒன்று, போர்க்காலச் சக்கரம் செய்; ஸ்போக் வைத்த வார்ப்புச் சக்கரமோ அழுத்தி எடுத்த தட்டுச் சக்கரமோ, இரண்டும் சரி. இல்லையென்றால் வெள்ளைப் பட்டையைக் கைவிட்டு, போருக்குப் பிந்தைய புதுப்பித்த வண்டியாகவே முடித்துவிடு. அதுவும் மரியாதையான வேலைதான், உன் வழுவழுப்பும் பாதி நியாயமாகிவிடும். ஆனால் உன்னை எனக்குத் தெரியும், நீ 1945ஐ விடமாட்டாய். அதனால் மற்றதை அதற்கே சொல்கிறேன்.

வார்ப்பு மேற்பரப்புக்குக் கடையில் வரும் ‘டெக்ஸ்சர்’ ஸ்பிரே வேண்டாம், அது சுவர் மாதிரி ஒரே சீராகத் தெரியும். மெல்லிய பட்டியைத் தின்னரில் தயிர் பதத்துக்குக் கரைத்துக்கொள். பழைய பிரஷ்ஷின் மயிரை ஒரு விரற்கடைக்குக் குட்டையாக வெட்டு. ஓர் உள்ளங்கை அளவு பூசி, அது மினுமினுப்பு இழக்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் குத்திக் குத்தி எடு. சீக்கிரம் குத்தினால் சமமாகிவிடும், தாமதமானால் இழுத்துக்கொண்டு வரும். ஒரு பலகைத் துண்டில் நாலைந்து முறை பழகினால் கை சொல்லிவிடும். காய்ந்தபின் கூர்முனைகளை மட்டும் லேசாக ஒரு தேய்ப்பு. அச்சின் இரண்டு பாகமும் சேர்ந்த கோடு டரட்டைச் சுற்றிப் படுக்கைவாக்கில் ஓடும். அதைத் துண்டு துண்டாக, சில இடம் தடித்தும் சில இடம் செதுக்கியும் விடு. டரட்டின் கூரை மட்டும் உருட்டிய தகடு. அங்கே நீ தேய்த்தது அப்படியே இருக்கட்டும். சொரசொரப்பான பக்கமும் மழமழப்பான கூரையும் ஒரு தையலில் சேருகிற அந்த ஓரம்தான், பார்க்கிறவனுக்கு இது இரும்பு என்று முதலில் சொல்லும்.

கை வெல்டுக்கு, இரண்டு பாகம் பிசையும் எபாக்ஸி பட்டி. நூலாக உருட்டி, இரண்டு மாஸ்கிங் டேப்புக்கு நடுவே படுக்க வை. டேப் இடைவெளி 3, 4 மி.மீ. போதும். பால்பென் மூடியைப் பாதியாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, சாய்த்து அழுத்திக்கொண்டே போ. பிறைகளின் இடைவெளியை நீயாகச் சமமாக்காதே. ஒரு சாண் தூரத்துக்கு ஒருமுறை நிறுத்து, எழுந்து போய்விட்டு வா, மறுபடி தொடங்கு. நிஜ வெல்டரும் ராடு தீர்ந்ததும் நிறுத்தித்தான் தொடங்கினார்.

கேஸ் கட்டிங் செய்த தகட்டு ஓரங்களில் வெட்டுக்குக் குறுக்காக மெல்லிய வரிகள் இருக்கும். ஹாக்ஸா பிளேடை நெட்டுக்கு வைத்து ஒரே இழுப்பு, போதும்.

மட்கார்டு பிளாஸ்டிக்கில் வேண்டாம். உன் 3 மி.மீ. ஓரம் நிஜத்தில் 18 மி.மீ. ஆகிறது. உன் முன்புறக் கவசத் தகடே 45 மி.மீ., அதாவது உன் அளவில் 7.5 மி.மீ. மட்கார்டுக்கும் கவசத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்படிச் சுருங்கிப்போனால் கவசத்துக்கு என்ன மதிப்பு? அரை மி.மீ. தகரத்தில் வெட்டி மடக்கு. நசுங்கல் வேண்டுமென்றால் செதுக்க வேண்டாம், நசுக்கிவிடலாம்.

இனி எடை. நிஜ வண்டி 32 டன். நீளம் ஆறில் ஒன்றானால் எடை 216இல் ஒன்று, அதாவது 148 கிலோ. அவ்வளவு வைக்க வேண்டியதில்லை, தூக்கவும் முடியாது. ஆனால் உன் வீடியோவில் டாங்கி பூனை மாதிரி நடக்கிறது, காரணம் ஸ்பிரிங். எடை குறைந்த உடம்புக்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டிருக்கிறாய், சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள் அடிமட்டத்துக்குத் தொங்கி நிற்கின்றன. மோட்டார், பேட்டரி, டரட் எல்லாம் ஏற்றி, மொத்தத்தையும் எடை போட்டபின் ஸ்பிரிங் வாங்கு. நின்ற நிலையில் கை தன் ஓட்டத்தின் நடுவே நிற்க வேண்டும். பேட்டரியைத் தரையோடு தரையாக வை. (லித்தியம் பேட்டரியை டாங்கிக்குள் விட்டுச் சார்ஜ் போடாதே. ரெசின் தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் உட்காராதே. இந்த இரண்டையும் நீ அலட்சியமாக விடுவாய் என்று எனக்குப் பயம்.)

எவ்வளவு சரியாகச் செய்தாலும் அது நிஜத்தைவிட வேகமாகத்தான் ஆடும். ஊசலின் நீளம் ஆறில் ஒன்றானால் ஆட்டம் 2.45 மடங்கு வேகமாகும். அது இயற்பியல், உன் குறை இல்லை. வினாடிக்கு 60 படமாக எடுத்து 24ஆக ஓட்டிப் பார். 2.5 மடங்கு மெதுவாகும். பிரேக் போட்டதும் மூக்குக் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் உனக்கே நெஞ்சு நிறைந்துவிடும்.

டிராக்கைப் பற்றி, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையைப் பற்றி, ஒன்றே ஒன்று. 72 கண்ணி, ஒன்று விட்டு ஒன்றில், இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே ஓடும் கொம்பு. அதைச் சரியாகவே செய்திருக்கிறாய். டிராக்கைத் தாங்கும் மேல் உருளை இல்லாத வண்டி, டிராக் சக்கரங்களின் மேலேயே படுத்துப் போகிறது, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இடைவெளி அதிகம் என்பதால் அங்கே கூடுதலாகத் தொய்கிறது. எல்லாம் சரி. ஆனால் கண்ணிகளைக் கோக்கும் பின்கள் (pin) கழன்று வருகின்றன என்று பசை ஊற்றியிருக்கிறாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

டி-34இன் டிராக் பின்னுக்குக் கிளிப்பும் இல்லை, பூட்டும் இல்லை. தலை உள்பக்கம் பார்த்திருக்கும். ஓட ஓடப் பின் உள்பக்கமாக நழுவும். அப்படி நழுவியதை, வண்டியின் பின்புறச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உடம்போடு வெல்டு செய்த ஒரு சாய்ந்த இரும்புத் துண்டு, ஒவ்வொரு சுற்றிலும் தலையில் தட்டி மறுபடி வெளியே தள்ளிவிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. என் மாடலில் அதை வெறும் விவரத்துக்காகத்தான் ஒட்டினேன். உலோக டிராக் மாட்டி முற்றத்தில் ஓட்டியபோது ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று குனிந்து பார்த்தால், அந்த விரல்நகத் துண்டு நழுவிய பின்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்து தட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் அதன் முகம் வெள்ளி மாதிரி பளபளத்துவிட்டது. எந்தப் பெயின்டாலும் அந்தப் பளபளப்பை நான் கொண்டுவந்திருக்க முடியாது.

பெயின்ட் பற்றிக் கேட்டாய். ராணுவப் பச்சை, உனக்குத் தெரிந்ததுதான். துருவை மட்டும் அள்ளி அப்பாதே. போர்முனையில் இந்த வண்டிகள் பல, துருப்பிடிக்கிற அளவுக்கு வாழவே இல்லை. காலாட்படையினர் தொற்றிக்கொண்டு போன கைப்பிடிக் கம்பிகளில் பச்சை தேய்ந்து இரும்பு தெரியட்டும். அவர்கள் பூட்ஸ் மிதித்த இடத்திலும் அப்படியே. மற்ற இடமெல்லாம் புழுதி.

பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பின்களை அசைய விடு. என் மாடலில் அந்தச் சாய்ந்த துண்டைக் கழற்றி அளந்து, உன் அளவுக்குப் பெருக்கி ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடேயே படம் எடுத்து அனுப்புகிறேன். மெத்தெஃகில் (மைல்டு ஸ்டீல்) வெட்டு, பித்தளை தேய்ந்துவிடும். மாட்டி ஓட்டியதும் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு, படம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்